லைன்மேன் கோவிந்தராசுவின் காப்பாளர்

தாமரைச்செல்வி தினமும் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். அவள் வீட்டில் மட்டும், பூட்டும்போது உள்ளே ஆள் இருந்தார்.

அந்த ஆள் அவளுடைய கணவர் கோவிந்தராசு. மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்கு இணைப்பு போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். புயலடித்து ஊரே இருண்டு கிடந்த நாட்களில் அவர் வீட்டுக்கே வரமாட்டார். "எனக்கு மூத்தாள் அந்தக் கம்பந்தான்" என்று அங்கன்வாடியில் தாமரைச்செல்வி சொல்லிச் சிரிப்பாள். அவள் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்து, சத்துமாவு கொடுத்து, எடை பார்த்து எழுதுகிற வேலை. சம்பளம் குறைவு. ஆனால் அது அவளுடைய சொந்த வேலை. கல்யாணமான புதிதில் மாமியார் தடுத்தும் விடாமல் போய் வாங்கிய வேலை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் கோவிந்தராசு மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், "லைன்ல ஆள் ஏறியிருக்கு" என்பார். முதலில் தன் வீட்டில் செய்தார். பிறகு பக்கத்திலிருந்த ஜவஹர் அலியின் மளிகைக் கடையிலும் செய்தார். கடைக்காரர் கோபப்படவில்லை. "அண்ணே, எங்க லைன்ல யாரும் ஏறலண்ணே. ஃப்ரிட்ஜ்ல இருக்க ஐஸ்தான் எறங்கி ஓடுது" என்று கட்டையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் ஆளையே காணவில்லை. தேடியபோது வடக்கே பூவம் தாண்டி, புதுச்சேரி மாநில எல்லையான நண்டலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குள் நின்றுகொண்டிருந்தார். அது தமிழ்நாட்டு டிரான்ஸ்ஃபார்மர். அங்கிருந்த மின்வாரிய ஊழியர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். "உங்க மாநிலத்துல வேல இல்லன்னு எங்க மாநிலத்துக்கு வந்துட்டாரும்மா" என்று ஒருவர் சிரித்தார். தாமரைச்செல்விக்குச் சிரிக்க முடியவில்லை. வேலிக்குள் இன்னும் இரண்டடி எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிரித்த அந்த ஊழியருக்கும் தெரியும்.

மூளை நரம்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது வெறும் மறதி இல்லை, மறதி நோய், திரும்பாது என்றார். அதன் பிறகுதான் செல்லையனை வரச் சொன்னாள். கோவிந்தராசுவிடம் கூலிக்கு ஏணி பிடித்த ஆள் அவன். பகலெல்லாம் கூடவே இருப்பான். கோவிந்தராசு வேலைக்குக் கிளம்பினால், "ஜே.இ. போன் பண்ணாருண்ணே. இன்னிக்கி நம்ம ரெண்டு பேரும் ஸ்டோர்லயே இருக்கணுமாம்" என்பான். மேலதிகாரி சொன்னால் கோவிந்தராசு கேட்பார். செல்லையனுக்குச் சம்பளம் அவருடைய பென்ஷனிலிருந்து போனது. தாமரைச்செல்வி நிம்மதியாக வேலைக்குப் போனாள். வீட்டுக்குப் பூட்டு தேவைப்படவில்லை.

அந்த நிம்மதி பாங்கில் கெட்டது.

பென்ஷன் கோவிந்தராசுவின் பெயரில் மட்டும் இருந்த கணக்கில் விழுந்தது. ஏ.டி.எம். ரகசிய எண்ணை அவர் மறந்து, தப்புத் தப்பாக அழுத்தி அட்டையே முடங்கிப்போயிருந்தது. அதனால் மாதாமாதம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சீட்டில் கையெழுத்து வாங்கிப் பணம் எடுப்பாள். அந்த மாதம் அவர் சீட்டை வாங்கி, பேனாவைச் சரியாகப் பிடித்து, கையெழுத்துப் போடும் இடத்தில் 'லைன் கிளியர்' என்று அழகாக எழுதிக் கொடுத்தார்.

கவுண்ட்டரில் இருந்த பெண் அதை மேனேஜரிடம் கொண்டுபோனாள். மேனேஜர் இளவயதுக்காரர். தாமரைச்செல்வியை உட்காரச் சொல்லி, "என்னம்மா இது?" என்று கேட்டார். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். டாக்டர் சீட்டையும் எடுத்துக் காட்டினாள். நோய் என்று தெரிந்தால் உதவுவார்கள் என்று நினைத்தாள்.

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத ஏம்மா எங்கிட்ட சொன்னீங்க? எனக்குத் தெரியாத வரைக்கும் பரவாயில்ல. தெரிஞ்சப்புறம் நான் குடுத்தா என் வேல போயிரும். இனிமே இந்தக் கணக்க நிறுத்தித்தான் வைக்கணும்."

"நான் அவரு பொண்டாட்டிங்க."

"புரியுதும்மா. ஆனா கணக்குல நீங்க இல்லியே. அவருக்குப் பதிலா நீங்க நடத்தலாம்னு சட்டப்படி ஏதாச்சும் உத்தரவு கொண்டாங்க."

வெளியே வந்தபோது வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கையப் புடிச்சுப் போட வச்சுட்டுப் போறத விட்டுட்டு, நோவு நொடின்னு கதையெல்லாம் சொல்லிக்கிட்டு..." அதற்குப் பிறகு அவள் போன இடமெல்லாம் யாராவது ஒருவர் இதையே சொன்னார்கள். விரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்துவிட்டு வா, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். உண்மையைச் சொன்னவளுக்கு ஊரில் கிடைத்த பெயர் அசடு.

செல்லையன் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வந்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். "கோவிச்சுக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். பொங்கல் முடிந்ததும் பட்டறைக்காரர் திருப்பூருக்கு வேலை எடுத்துப் போகிறார், தன்னையும் கூப்பிட்டிருக்கிறார் என்றும் சொன்னான். "அதுக்குள்ள உங்களுக்கு உத்தரவு வந்துட்டா ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போகல."

அவன் நின்ற மறுநாள் தாமரைச்செல்வி கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினாள்.

பூட்டிய வீட்டுக்குள் கோவிந்தராசு சும்மா இருக்கவில்லை. ஒருநாள் அவள் மத்தியானம் திரும்பியபோது சுவிட்சுப் பலகையைக் கரண்டிக் காம்பால் கழற்றித் தரையில் வைத்திருந்தார். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கம்பிகளைப் பிரித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். அன்றிலிருந்து அவள் வெளியே மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைத் தானே பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். உள்ளே விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. காரைக்கால் வெயிலில், சன்னலைத் தவிர காற்றுக்கு வழியில்லாத வீட்டில், தன் கணவரை அவளே இருட்டில் அடைத்தாள். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கும்போது பாதியில் அடி மறந்துபோகும். பிள்ளைகளே எடுத்துக் கொடுப்பார்கள்.

உத்தரவை எங்கே வாங்குவது? கோவிந்தராசுவின் அண்ணன் தெட்சிணாமூர்த்திக்கு அதில் சந்தேகமே இல்லை. சுரக்குடியில் விவசாயம் பார்ப்பவர். கதர்ச் சட்டையும் பையுமாக வந்து இறங்கினார்.

"ஏம்மா தாமர, இதுக்குப் போயா மண்டைய ஒடச்சுக்கிற? நொத்தேர்கிட்ட போய் ஒரு பவர் பத்திரம் எழுதிக்கிட்டா முடிஞ்சுது. நொத்தேர் எழுதுனா அது கல்லுல வெட்டுனது மாதிரி."

"இப்பல்லாம் அப்புடி இல்லன்னு சொல்றாங்களே மாமா."

"யாரு சொல்றா? எங்க தாத்தாவுக்கு சுரக்குடி நெலம் எப்புடி வந்துச்சு? வெள்ளக்காரன் நொத்தேர் எழுதுன தாளுல வந்துச்சு. இன்னிவரைக்கும் ஒரு பய கேள்வி கேட்டிருக்கானா?"

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. அந்தக் காலத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி எழுதிய பத்திரம் நீதிமன்றத்தில்கூட மறுபேச்சில்லாமல் நிற்கும். அவர்கள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் பெரியவர்கள், நகரத்தில் மேசை போட்டு முத்திரை குத்துகிற நோட்டரி வக்கீலையும் அதே நொத்தேர் என்றுதான் நினைக்கிறார்கள். எல்லை தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

தாமரைச்செல்விக்கு வேறு வழி தெரியவில்லை. போனார்கள். நோட்டரி, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த வாசகத்தில் பெயர்களை நிரப்பினார். 'முழு நினைவோடும் தெளிந்த புத்தியோடும், எவருடைய தூண்டுதலும் இன்றி' என்று அதில் இருந்தது. தாமரைச்செல்வி அதைப் படித்தாள். "மாமா, இது பொய்யாச்சே" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாப் பத்திரத்துலயும் அப்புடித்தாம்மா இருக்கும். கல்யாணப் பத்திரிகையில 'நிகழும் மங்களகரமான'ன்னு போடுறது இல்லையா? அது மாதிரி" என்றார் தெட்சிணாமூர்த்தி.

கோவிந்தராசு அன்று எப்படியோ கையெழுத்துப் போட்டுவிட்டார். முத்திரை விழுந்தது.

பாங்க் மேனேஜர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அம்மா, அவருக்குப் புத்தி தெளிவா இருந்து குடுத்தாத்தான் பவர் செல்லும். தெளிவா இருந்தா அவரே பணம் எடுத்துக்கலாமே, பவர் எதுக்கு? தெளிவு இல்லன்னா இது வெறும் தாளு."

அங்கிருந்து தாலுகா ஆபீஸுக்குப் போனாள். மூன்று மேசைக்கு அனுப்பி, நான்காவது மேசையில் ஒரு கிளார்க் பொறுமையாகக் கேட்டார்.

"வாரிசுச் சான்றிதழ்தானே? தரலாம். இறப்புச் சான்றிதழ் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. அவரு இருக்காரு."

"இருக்காரா?" கிளார்க் பேனாவை மூடினார். "அப்பக் கஷ்டம்மா."

தாமரைச்செல்வி பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த மனுஷன் செத்திருந்தால் இந்நேரம் எல்லாத் தாளும் கைக்கு வந்திருக்கும். உயிரோடு இருப்பதால் அவருக்கு அவள் யாருமில்லை. சோறு ஊட்டலாம், குளிப்பாட்டலாம், சேலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் நடக்கலாம். அதற்கெல்லாம் யாரும் தாள் கேட்கவில்லை.

கடைசியில் வழி சொன்னவள் சுஹைனா. காரைக்காலில் வக்கீல் தொழில் ஆரம்பித்துச் சில வருஷமான பெண். அவளுடைய மகள் தாமரைச்செல்வியின் அங்கன்வாடியில் படித்துப் போனவள். அந்தப் பழக்கத்தில் தாமரைச்செல்வி அவளிடம் போய் உட்கார்ந்தாள்.

"மைனர் பிள்ளைக்கிக் காப்பாளர் போட சட்டம் இருக்கு டீச்சர். பொறவியிலேயே மூள வளராதவங்களுக்கு இருக்கு. வயசானப்புறம் மறதி வந்தவங்களுக்குன்னு நேரா ஒண்ணு இல்ல. சென்னை ஹைகோர்ட்டுல ரிட் போட்டு, கோர்ட்டே உங்களக் காப்பாளரா நியமிக்கச் சொல்லிக் கேக்கணும். நடக்கும். ஆனா கொஞ்சம் அலைய விடுவாங்க."

"அலையாம இப்ப நான் என்ன உக்காந்தா இருக்கேன்?" என்றாள் தாமரைச்செல்வி.

மனு போனது. கோர்ட்டு, நேரில் விசாரித்து அறிக்கை தரும்படி வருவாய்த்துறைக்குச் சொன்னது. அதிகாரி வருகிற நாளைச் சொன்னார்கள். தாமரைச்செல்வி லீவு போட்டு, கோவிந்தராசுவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார வைத்தாள். அதுவே தப்போ என்று பிறகு நினைத்துக்கொண்டாள். தெட்சிணாமூர்த்தியும் வந்திருந்தார்.

அதிகாரி பைலோடு உள்ளே வந்தார். கோவிந்தராசு கையிலிருந்த ஃபியூஸ் கட்டையோடு சட்டென்று எழுந்து நின்றார். மேலதிகாரி வந்தால் நிற்கிற நிற்பு அது. கண்ணில் தெளிவு வந்துவிட்டது.

"உங்க பேரு?"

"கோவிந்தராசு சார். லைன்மேன், கோட்டுச்சேரி செக்‌ஷன்."

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஃபியூஸ் கேரியர் சார். இதுல தடிச்ச கம்பி போட்டிருக்காங்க. லோடு ஏறுனா இது உருகணும். உருகலன்னா வீடு எரியும்."

அதிகாரி பைலை மடியில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "எங்க வீட்டுல ஏ.சி. போட்டா லைட்டெல்லாம் மங்குது. அது எதனால?"

"எர்த் பாத்தீங்களா சார்? நம்மது உப்பு மண்ணு. கம்பி அரிச்சிருக்கும். அதுக்கு முன்னாடி நியூட்ரல் லூசா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ஒங்க ஆளு மேல ஏறுறப்ப மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

"பிரமாதம்" என்றார் அதிகாரி.

தெட்சிணாமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தம்பி சார் அவன். இந்த வட்டாரத்துல அவனாட்டம் ஒருத்தன் கம்பம் ஏற முடியாது." அத்தோடு விடாமல் பையைத் திறந்து நோட்டரித் தாளை எடுத்து நீட்டினார். "நாங்க எல்லாம் மொறப்படிதான் சார் செஞ்சிருக்கோம். நொத்தேர்கிட்ட எழுதி முத்திர வாங்கிட்டோம். நீங்க ஒரு வார்த்த சொன்னா பாங்குல கேப்பாங்க."

"மாமா, அது வேணாம்" என்று தாமரைச்செல்வி சொல்வதற்குள் தாள் பைலுக்குள் போய்விட்டது. அதிகாரி வந்து போனதற்கு அடையாளமாகக் கோவிந்தராசுவிடம் கையெழுத்துக் கேட்டார். மாதக்கணக்கில் பாங்கில் போடாத கையெழுத்தை அவர் அன்று முழுசாக, கீழே கோடிழுத்து, புள்ளி வைத்துப் போட்டார்.

அறிக்கை சுஹைனாவின் கைக்கு வந்தது. 'கேட்ட கேள்விகளுக்குத் தெளிவாகவும் பொருத்தமாகவும் பதிலளித்தார். சமீபத்தில் தெளிந்த புத்தியோடு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் தெரிகிறது.'

"டீச்சர், இப்புடி ஒரு தாளு இருக்குன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது செல்லாதுன்னுதான் பாங்குல சொல்லிட்டாங்களே."

"பணம் எடுக்கச் செல்லாது. உங்களுக்கு எதிரா நல்லாச் செல்லும். டாக்டர் மூணு வருஷமா நோவுங்குறாரு. நீங்க போன ஆனிவரைக்கும் அவரு தெளிவா இருந்தாருன்னு முத்திர குத்தி வச்சிருக்கீங்க. இதுல எது பொய்யின்னு ஜட்ஜு கேக்க மாட்டாரா?"

எது பொய் என்று தாமரைச்செல்விக்கு முதல் நாளே தெரியும். எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற பொய்தானே என்று விட்டாள். அதுதான் இப்போது மடியில் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே கோவிந்தராசுவிடம் சத்தம் போட்டாள். "வந்தவன்கிட்ட எல்லாம் அத்தன பேச்சு பேசத் தெரியுதுல்ல? பாங்குல எங்க போச்சு அந்தப் புத்தி? பொண்டாட்டிய நாய் மாதிரி அலைய விடுறதுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கா?"

கோவிந்தராசு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தார். "கம்ப்ளெய்ண்ட் எழுதிக் குடுங்க மேடம். நாளைக்கி மொத வேலையா வந்து பாத்துர்றேன்" என்றார்.

அவள் தட்டை நகர்த்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். கோடையிலிருந்தே அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். சில நாள் மேடம், சில நாள் ஒன்றுமே இல்லை. அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, சுஹைனாவிடம் சொல்லவில்லை, மனுவில் எழுதவில்லை. ஒரே மகள் ஓவியா புதுச்சேரியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அவள் போனில், "அப்பா ஒங்கிட்ட நல்லாத்தானம்மா இருக்காரு?" என்று கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன, என்னக் கண்டாத்தான் அடங்குறாரு" என்று சொல்லிவந்தாள். கட்டிய புருஷனுக்குத் தன்னைத் தெரியவில்லை என்று ஒரு பெண் வாய்விட்டு எப்படிச் சொல்வாள்? சொன்னால் அது உண்மையாகிவிடும்.

சுஹைனா விடவில்லை. சென்னையில் இருந்த சீனியரைக் கொண்டு நோட்டரித் தாள் எப்படி வந்தது என்று விளக்கம் எழுத வைத்தாள். தாமரைச்செல்வி தான் தெரிந்தே கையெழுத்து வாங்கியதை அதில் மறைக்காமல் சொன்னாள். தெட்சிணாமூர்த்தி முகம் சுண்டிப்போய், "நான் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்" என்றார். "தெரியும் மாமா. எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யிறீங்க" என்றாள். கோர்ட்டு, புதுச்சேரியில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பரிசோதித்துச் சொல்லட்டும் என்றது. அதற்கு நாள் கிடைத்தபோது கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்துவிட்டது. பட்டறையில் திருப்பூருக்கு ஆள் கணக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினார்கள். காரைக்காலிலிருந்து தன் மாநிலத்துத் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும். வழியெல்லாம் கோவிந்தராசு சன்னலுக்கு வெளியே கம்பங்களைப் பார்த்து, "தொய்வா விட்டுருக்கான் பாரு" என்று திட்டிக்கொண்டே வந்தார். சிதம்பரத்தில் இறங்கிவிடப் பார்த்தார். கடலூரில் வேட்டியை நனைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஓவியா மாற்றுத் துணியோடு நின்றாள்.

மூன்று டாக்டர்களில் நடுவில் இருந்தவர் வயதானவர். தேதி கேட்டார். கோவிந்தராசு சுவரைப் பார்த்து, காலண்டரைப் படித்துச் சொன்னார். வேலை என்ன என்று கேட்டார். அவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பம், இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் என்று அருவியாகக் கொட்டினார். இளைய டாக்டர் ஒருவர் புன்னகையோடு குறித்துக்கொண்டிருந்தார். கோட்டுச்சேரி வீட்டில் நடந்தது இங்கேயும் நடக்கிறது. இந்தத் தாளும் தெளிவாகப் பதிலளித்தார் என்று போய்விடும். திரும்பிப் போய் மறுபடி பூட்ட வேண்டும்.

ஓவியா பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் வேண்டாம் என்று தாமரைச்செல்வி ஒரு நிமிஷம் நினைத்தாள். வெளியே அனுப்ப நேரமில்லை.

"ஐயா" என்றாள். "கரண்ட்டப் பத்திக் கேக்காதீங்க. அது அவரு சாகுறவரைக்கும் மறக்காது. நான் யாருன்னு கேளுங்க."

டாக்டர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கோவிந்தராசுவிடம், "இவங்க யாருங்க?" என்றார்.

கோவிந்தராசு திரும்பி அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். "தெரியலிங்களே சார். நல்ல மேடம். பஸ்ஸுல கூட வந்தாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு சார். ஊர்ல இருக்கா. புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்குற வேல." குரலைத் தாழ்த்தி, "பொழுதோட போகணும் சார். நான் வரலன்னா அவ சாப்பிட மாட்டா" என்றார்.

ஓவியா அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். தாமரைச்செல்வி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் மூன்று பேரும் எழுத ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு கடிகாரம் வரையச் சொன்னார்கள், மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டார்கள். எதுவும் அவருக்கு வரவில்லை.

வெளியே வந்ததும் ஓவியா, "எப்பலேருந்தும்மா?" என்று கேட்டாள்.

"கோடையிலேருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? படிப்ப விட்டுட்டு வந்திருப்ப. அப்பறம் ரெண்டு பேருமா அவரப் பூட்டிவைக்கவா?" என்றாள் தாமரைச்செல்வி. கோபமாகத்தான் வந்தது. பிறகு மகளுடைய துப்பட்டாவிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உத்தரவு பொங்கலுக்கு முன்னால் வந்துவிட்டது. கணவரின் உடல்நலனையும் கணக்கையும் கவனித்துக்கொள்ள மனைவி தாமரைச்செல்வி காப்பாளராக நியமிக்கப்படுகிறார். சொத்தை விற்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். சுஹைனா இதைப் படித்துக் காட்டியபோது, "இத்தன வருஷமா வீட்டுக் கணக்க நாந்தான் பாத்தேன். ஒருத்தரும் கேக்கல. இப்ப கோர்ட்டு கேக்குதா?" என்றாள் தாமரைச்செல்வி. "கேட்டா காட்டுங்க டீச்சர், விடுங்க" என்றாள் சுஹைனா.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. பாங்கில் பழைய மேனேஜர் மாறிப் போயிருந்தார். புதிதாக வந்த அம்மாள் உத்தரவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு கூப்பிட்டு, ஒரு படிவத்தைத் தள்ளினாள்.

"இங்க வாடிக்கையாளர் கையெழுத்து வாங்கிக்கிட்டு வாங்க."

தாமரைச்செல்வி படிவத்தைத் திருப்பித் தள்ளினாள். "அவரால போட முடியாதுன்னுதான் மேடம் இந்த உத்தரவே வந்துருக்கு."

அந்த அம்மாள் படிவத்தை இழுத்துத் திரும்பப் படித்தாள். பக்கத்து மேசையில் ஏதோ கேட்டுவிட்டு வந்து அந்த வரியை அடித்தாள். "சரி, நீங்களே போடுங்க. உறவுங்குற எடத்துல மனைவின்னு எழுதியிருக்கீங்க. உத்தரவுல காப்பாளர்னு இருக்கு. அதப் போடணும்."

"ரெண்டையும் எழுதுறேனே."

"ஒண்ணுதாம்மா ஏத்துக்கும் கம்ப்யூட்டர்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ இருமினார்கள். தாமரைச்செல்வி 'மனைவி' என்பதை அடித்தாள். மேலே 'காப்பாளர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள்தான் கை நீட்டி வாங்கினாள்.

வெளியே வந்து செல்லையனுக்குப் போன் போட்டாள். பட்டறைச் சத்தத்துக்கு மேலே அவன் கத்தினான்.

"சொல்லுங்கக்கா."

"உத்தரவு பாஸாயிருச்சு. திருப்பூருக்குப் போறியா, இருக்கியா?"

"அட்வான்ஸ் வாங்கிட்டேனேக்கா."

அவள் பக்கத்திலிருந்த பைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பிக் குடுத்துட்டு வரேன்" என்றான் செல்லையன். "நாளான்னிக்கிக் காலம்பற வரவா? அண்ணன் எங்க?"

தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். கோவிந்தராசு பாங்க் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். காவலாளி பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கே வாடா" என்றாள். "ஒரு நாளுகூட இனிமே என்னால முடியாது."